மும்பையின் முன்வாசல் கிழக்கே இருக்கிறது

ஊரிலிருந்து யாராவது மும்பைக்கு வந்தால் கடல் காட்ட நாம் கூட்டிக்கொண்டு போவது மேற்குப் பக்கம்தான். மெரின் டிரைவ், ஜுஹு, பாந்திரா. சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, பேல்பூரி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். ஆனால் மும்பையை மும்பையாக்கியதில் அந்தக் கடலுக்குப் பெரிய பங்கில்லை. மழைக்காலத்தில் அங்கே ஒரு தோணியைக்கூட நிம்மதியாக நிறுத்த முடியாது. ஊரை வளர்த்தது கிழக்கே, சுவர்களுக்கும் கிடங்குகளுக்கும் பின்னால் ஒளிந்துகிடக்கும் நீர்ப்பரப்பு. ஹார்பர் லைன் ரயிலில் டாக்யார்ட் ரோடு, ரே ரோடு, காட்டன் கிரீன், சிவ்ரி, வடாலா என்று தினமும் போய்வருகிறவர்களில் பலர் அந்தத் தண்ணீரை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. ரயிலிலிருந்து அது தெரியவும் தெரியாது.

'மும்பை இயற்கைத் துறைமுகம், சென்னை செயற்கைத் துறைமுகம்' என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்குப் படித்திருப்போம். அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், துறைமுக நகரம் எப்படி உண்டாகிறது, கடற்படை ஏன் ஓர் இடத்தில் வந்து உட்காருகிறது, தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழர்களான நாம் ஏன் இருக்கிறோம் என்பதுவரை எல்லாம் அதிலிருந்தே விளங்கும்.

கப்பலுக்கு என்ன வேண்டும்?

கரைக்கு வரும் கப்பல் முதலில் தேடுவது அலை அடிக்காத இடம். பிறகு, அடி தட்டாத ஆழம். நங்கூரம் கவ்விப் பிடிக்கச் சேறோ களிமண்ணோ உள்ள தரை. இவை தானாகவே அமைந்திருந்தால் அது இயற்கைத் துறைமுகம்.

சென்னைக்கு இதில் எதுவும் வாய்க்கவில்லை. திறந்த மணற்கரை, ஓயாத அலை. அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுகள் அலைமேல் ஏறி இறங்கி ஆட்களையும் சரக்கையும் கரைசேர்க்கும். நனையாமல் வந்து இறங்கியவர் புண்ணியம் செய்தவர். 1870-களில்தான் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-இல் வந்த புயல் அதையும் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

மும்பையின் வரைபடத்தைப் பாருங்கள். கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவுகளாகக் கிடந்தவற்றை இடையிலிருந்த சதுப்பைத் தூர்த்து ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். வொர்லிக்கும் மகாலட்சுமிக்கும் இடையே கடல் உள்ளே புகுந்த பெரிய வாயை 1780-களில் அணைகட்டி அடைத்தது அதில் முக்கியமான வேலை. இப்படி உருவான நிலம் வடக்கிலிருந்து தெற்கே நீண்டு, கொலாபா முனையில் முடிகிறது. அதற்கும் கொங்கண் பெருநிலத்துக்கும் நடுவே அகலமான நீர்ப்பரப்பு. வடக்கே அது குறுகித் தாணே கழியாகிவிடுகிறது. வாய் தெற்கே, தென்மேற்கே பார்த்துத் திறந்திருக்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது அதன் முழு அடியையும் நகரத்தின் மேற்குக்கரை வாங்கிக்கொள்கிறது. கிழக்கே ஒதுங்கிய கப்பல் தப்பிக்கிறது.

இதற்குப் படகு அட்டவணையே சாட்சி. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் போகும் படகுகள் மழைக்காலத்தில் நிறுத்தப்பட்டுவிடும். மாண்ட்வா இருப்பது இந்த விரிகுடாவின் வாயருகே, திறந்த கடலுக்குப் பக்கத்தில். ஆனால் மஜ்காவ் பக்கம் பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை மோராவுக்குப் போகும் படகுகள் மழையிலும் ஓடும். ஒரே துறைமுகம்தான். கொஞ்சம் உள்ளே போனால் கடலின் குணம் மாறிவிடுகிறது.

ஏறி இறங்கும் தண்ணீர்

மும்பைவாசிகளுக்கு 'ஹை டைட்' என்றால் விளக்க வேண்டியதில்லை. ஜூலையில் செய்தித்தாளில் மழை அளவுக்குப் பக்கத்திலேயே கடல் ஏற்றத்தின் நேரமும் உயரமும் வரும். நாலரை மீட்டருக்கு மேல் என்றால் மாநகராட்சி எச்சரிக்கை விடும். கடல் மேலே இருக்கும் நேரத்தில் ஊரில் பெய்த மழைநீர் கடலுக்குள் வடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. அன்று வீடு திரும்பப் பட்ட பாட்டை இன்னமும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரைக்கூடத் தாண்டும். ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம் கடல் ஏறும், பிறகு அதே அளவு நேரம் இறங்கும். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். காலையில் கரையோரத்தில் மிதந்த படகு மதியம் சேற்றில் சாய்ந்து கிடக்கும். மீனவருக்கு இது பழகிப்போனது. பல ஆயிரம் டன் சரக்கோடு நிற்கும் கப்பல் என்ன செய்யும்?

அதற்குத்தான் கதவு வைத்த டாக்குகள். கரையைக் குடைந்து பெரிய தொட்டி வெட்டி, சுற்றிலும் கல் கட்டி, கடலைப் பார்த்த பக்கம் கதவு வைப்பார்கள். கடல் ஏறும்போது கதவைத் திறந்தால் கப்பல் உள்ளே வரும். இறங்கத் தொடங்குவதற்குள் கதவைச் சாத்திவிட்டால் வெளியே கடல் வற்றினாலும் உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கும். நம்மூர் ஏரி மதகு மாதிரிதான், ஆனால் தண்ணீரை மட்டுமல்லாமல் கப்பலையும் சேர்த்துப் பூட்டிவைக்கும் மதகு.

ஆல்பர்ட் சாசூன் 1875-இல் கொலாபாவில் திறந்த சாசூன் டாக் இந்த வகையில் முதலாவது. 1873-இல் பம்பாய்ப் போர்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. பிரின்சஸ் டாக் 1880-இல் வந்தது. அதைத் தோண்டும்போது சேற்றுக்கடியில் நின்ற நிலையிலேயே புதைந்துபோன மரங்கள், ஒரு காடே, கிடைத்தது. அந்த நிலம் எப்போதோ கடலுக்குள் தாழ்ந்து போயிருக்கிறது. அடுத்து விக்டோரியா டாக். இவற்றில் கடல் ஏறும் நேரத்தில் மட்டுமே உள்ளே வரலாம், வெளியே போகலாம். 1914-இல் திறந்த அலெக்சாண்டிரா டாக்கில் (இன்றைய இந்திரா டாக்) அந்தக் குறையைத் தீர்த்தார்கள். வாசலில் ஒரு கதவுக்குப் பதில் முன்னும் பின்னும் கதவுகள், நடுவே 228.6 மீட்டர் நீளமும் 30.5 மீட்டர் அகலமும் உள்ள நீர் அறை. கப்பல் அறைக்குள் வந்ததும் வெளிக்கதவைச் சாத்தி, தண்ணீர் மட்டத்தைச் சமன்செய்து, உள்கதவைத் திறப்பார்கள். எந்த நேரத்திலும் கப்பல் வரலாம். இந்த 30.5 மீட்டரை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

தோண்டிய மண்ணை வீணாக்கவில்லை. அதைக் கொட்டி மேடாக்கிய நிலத்தில்தான் பல்லார்ட் எஸ்டேட் எழுந்தது. அதைத் திட்டமிட்டவர் ஜார்ஜ் விட்டெட். கேட்வே ஆஃப் இந்தியாவும் அவர் வரைந்ததுதான்.

இவ்வளவு நல்ல துறைமுகம், ஆனாலும் மீன்பிடித் தீவு

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இத்தனை வசதி இருந்தும், பழங்காலத்தில் இந்தக் கரையின் பெரிய துறைமுகங்கள் சோபாரா, கல்யாண், சௌல், தாணே என்றுதான் இருந்தன. சோபாரா இன்றைய நாலாசோபாரா. அங்கே அசோகரின் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. துறைமுகத்தின் நடுவிலேயே இருக்கும் எலிஃபண்டா தீவில் அற்புதமான சிவன் குகைக்கோயிலைக் குடைந்திருக்கிறார்கள். ஆனால் பம்பாய்த் தீவுகளில் கோலி மீனவர்களின் குப்பங்களைத் தாண்டிப் பெரிதாக எதுவும் வளரவில்லை.

காரணம், துறைமுகத்துக்குப் பின்னால் பாதை வேண்டும். பம்பாய்க்குப் பின்னால் சகியாத்திரி மலை, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை, சுவராக நிற்கிறது. தவிர, அன்றைய கப்பல்கள் சிறியவை. கழிகளுக்குள் நுழைந்து, சந்தைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொள்ள முடிந்தது. ஆழமான விரிகுடா யாருக்கு வேண்டும்? பெரிய கப்பல் வந்த பிறகுதான் ஆழத்துக்கு விலை வந்தது.

அந்தப் பெரிய கப்பல்களோடு வந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து வசாயையும் இந்தத் தீவுகளையும் பெற்றார்கள். அவர்களுக்கு வசாய்தான் செல்லப்பிள்ளை. 1661-இல் போர்ச்சுக்கீசிய இளவரசி கேத்தரினுக்கும் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கும் ஆன திருமண ஒப்பந்தத்தில் பம்பாய் சீதனமாகப் போனது. அரசருக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. 1668-இல் ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார். இன்று அந்தப் பணத்துக்கு இந்த ஊரில் ஒரு நாள் பார்க்கிங்தான் கிடைக்கும். கம்பெனி 1687-இல் தன் தலைமையிடத்தைச் சூரத்திலிருந்து இங்கே மாற்றியது.

கடற்படை ஏன் இங்கே?

வணிகத் துறைமுகத்துக்கும் கடற்படைத் துறைமுகத்துக்கும் உள்ள வேறுபாடு எளிமையானது. வணிகத் துறைமுகம் கப்பலைச் சீக்கிரம் அனுப்பிவிடப் பார்க்கும். வந்தது, இறக்கியது, ஏற்றியது, போனது; நிற்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். கடற்படைக் கப்பல் அப்படியல்ல. அதற்கு இது வீடு. திரும்பி வரும், மாதக்கணக்கில் நிற்கும், பழுது பார்க்கும், குண்டு நிரப்பும். எனவே கடற்படைத் துறைமுகத்துக்கு உலர்துறை வேண்டும், ஆயுதக் கிடங்கு வேண்டும், மருத்துவமனை, குடியிருப்பு எல்லாம் வேண்டும். கொலாபாவின் நேவி நகர், அஸ்வினி மருத்துவமனை, துறைமுகத்தின் எதிர்க்கரையில் கரஞ்சாவின் ஆயுதக் கிடங்கு எல்லாம் இப்படி வந்தவைதான்.

உலர்துறை என்பது கதவு டாக்கின் மறுபக்கம். அங்கே தண்ணீரை உள்ளே தேக்குவார்கள், இங்கே வெளியேற்றுவார்கள். கப்பல் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை வடித்துவிட்டால், அடிப்பாகம் முழுவதும் காற்றில் நிற்கும். சிப்பியைச் சுரண்டலாம், ஓட்டையை அடைக்கலாம். கடல் இவ்வளவு ஏறி இறங்குவது இதற்குப் பெரிய உதவி. பாதித் தண்ணீரைக் கடலே எடுத்துக்கொண்டு போய்விடும். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயில் உலர்துறை கட்டப்பட்டது. ஆசியாவில் அதுவே முதல் என்பார்கள். திறந்த கடற்கரையில் இருந்த சென்னையில் இதை யோசித்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

அதைச் சாத்தியமாக்கியவர்களில் முக்கியமானவர்கள் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள். லவ்ஜி நுஸர்வான்ஜி வாடியா 1736-இல் சூரத்திலிருந்து அழைத்துவரப்பட்டார். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்தக் குடும்பம் முன்னூறுக்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டியது. ஐரோப்பாவில் கப்பலுக்கு ஓக் மரம். இங்கே மலபார்த் தேக்கு. ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஆணியைக் காப்பாற்றும், மரத்தையும் புழு அண்டவிடாது. 1842-இல் சீனாவோடு பிரிட்டன் செய்துகொண்ட நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது பம்பாயில் கட்டிய கார்ன்வாலிஸ் கப்பலின் மேல்தான். 1817-இல் இங்கே நீரில் இறக்கிய இன்னொரு போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி, அதாவது நம் திருகோணமலை. தேக்குக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டியதில்லை.

கடலில் கம்பெனிக்கு எதிரிகளும் இருந்தார்கள். சிவாஜி 1679-இல் துறைமுகத்து வாயிலிருந்த காந்தேரித் தீவைக் கோட்டையாக்கினார். பிறகு மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரே ஆங்கிலேயக் கப்பல்களைத் தூங்கவிடவில்லை. இன்று ஆங்கிலேயரின் பழைய பம்பாய்க் கோட்டை கடற்படை வளாகத்துக்குள் இருக்கிறது. அந்தத் தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். ஆங்கரே. பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

இன்றும் மேற்குக் கடற்படைக் கட்டளையின் தலைமையிடம் மும்பைதான். 1971 டிசம்பர் 4 அன்று கராச்சியைத் தாக்கியது இந்தக் கட்டளையின் கீழிருந்த ஏவுகணைப் படகுகள். அந்த நாளே கடற்படை தினம். மஜ்காவ் டாக் என்ற கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 1972-இல் படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். நீலகிரியின் பெயரை, அங்கேயே கட்டிய புதிய போர்க்கப்பல் 2025 ஜனவரியில் எடுத்துக்கொண்டது. ஆனால் வணிகக் கப்பலும் போர்க்கப்பலும் ஒரே வழியில் போய்வர வேண்டியிருப்பது தலைவலி. சேறு சேர்ந்துகொண்டே இருப்பதால் ஓயாமல் தூர்வார வேண்டும். கர்நாடகத்தின் கார்வாரில் இன்னொரு தளத்தைக் கட்டி 2005-இல் கடற்படை அங்கேயும் குடியேறியதற்கு இந்த நெருக்கடி ஒரு காரணம்.

பருத்தி, ரயில், பிறகு நாம்

முன்னே சொன்ன மலைச்சுவர் உடைந்தது ரயிலால். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1863-இல் போர் காட் (Bhor Ghat) மலை ரயில்பாதை திறந்தது. தக்காணத்தின் பருத்தி நேராகத் துறைமுகத்துக்கு இறங்கியது. அதே நேரம் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பருத்தி வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பம்பாயைப் பார்த்தன. 1861 முதல் 1865 வரை இங்கே பணம் கொட்டியது. கடலைத் தூர்த்து நிலம் விற்கும் கம்பெனிகளின் பங்குகளை வாங்க ஊரே முண்டியடித்தது. போர் முடிந்ததும் எல்லாம் சரிந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது பம்பாய் ஐரோப்பாவுக்கு இன்னும் பக்கமானது. பருத்தியோடு மாளவத்து அபினியும் இந்தத் துறைமுகத்தின் வழியே சீனாவுக்குப் போய்ப் பல குடும்பங்களை வாழவைத்தது. அதை இன்று யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

துறைமுகப் பொருளாதாரம் என்றால் கிரேனும் மூட்டையும் மட்டும் என்று நினைக்கக் கூடாது. ஒரு கப்பல் வந்தால் அதற்குக் காப்பீடு, கடன், சுங்கம், சரக்குச் சீட்டு, கிளியரிங் ஏஜென்ட் என்று காகிதம் மலையாகும். மூட்டையைத் தூக்க ஒருவர் வேண்டும் என்றால் அதைப் பற்றி எழுதவும் ஒருவர் வேண்டும். பம்பாய்த் தமிழர்களின் இரண்டு கிளைகள் இந்த இரண்டு வேலைகளிலும் போய் ஒட்டிக்கொண்டன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் தோல் பதனிட்டார்கள், ஆலையிலும் டாக்கிலும் உடல் உழைத்தார்கள். தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கத்து எஸ்.எஸ்.எல்.சி.க்காரர்கள் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துச் சான்றிதழோடு வந்து மாட்டுங்காவில் தங்கி, கோட்டைப் பகுதியிலும் பல்லார்ட் எஸ்டேட்டிலும் இருந்த அலுவலகங்களுக்கு டிபன் டப்பாவோடு போனார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952-இல் சண்முகானந்த சபா எல்லாம் அந்தச் சம்பளத்தின் மேல் எழுந்தவை. 1960-களின் பிற்பாதியில் 'தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள்' என்று எழுந்த கோபமும் இந்த மேசை நாற்காலி வேலைகளைக் குறிவைத்ததுதான்.

எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் டாக்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். மரப்பிடி போட்ட, உள்ளங்கை அகலத்துக்கு வளைந்த இரும்புக் கொக்கி ஒன்றை வைத்திருந்தார். பிடி வழவழவென்று கறுத்திருந்தது. "இத எப்படி அண்ணாச்சி போடுவீங்க?" என்று கேட்டேன். "மூட்டையோட மூலையில போடணும் தம்பி. நடுவுல போட்டா சாக்கு கிழிஞ்சிரும். கிழிஞ்சா முக்காதம் கூலில புடிச்சிருவான். சீனி மூட்டைன்னா கொக்கியே கெடையாது, முதுகுதான்." கையால் காற்றில் மூலையைத் தேடிக் குத்திக் காட்டினார். முக்காதம் என்றால் கூலியாட்களை எடுக்கும் மேஸ்திரி. அண்ணாச்சிக்கு முந்தைய தலைமுறைக்கு அந்த முக்காதம்தான் எல்லாம். காலையில் கேட் முன்னால் நின்று, அவன் கைகாட்டினால் அன்றைக்குச் சோறு. 1948-இல் டாக் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, வாரியம் அமைந்து, பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் அந்த வேலைக்கு நிலையான சம்பளம் என்று ஒன்று வந்தது.

வ.உ.சி. கப்பல் தேடி வந்ததும் இந்த ஊருக்குத்தான். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியவர், வாடகைக்கு எடுத்த கப்பல்கள் வெள்ளையர் நெருக்கடியால் கைவிட்டுப் போனதும் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடுதான் திரும்புவேன் என்று சபதம். 1907-இல் 'காலியா' தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. பிறகு 1919 ஏப்ரல் 5-இல் இந்தியர்களின் சிந்தியா கப்பல் கம்பெனிக்குச் சொந்தமான 'லாயல்டி' பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்ட தூத்துக்குடிக்காரருக்கும் அதில் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

நிழல் பொருளாதாரத்தையும் விட்டுவிட முடியாது. அரசாங்கம் எதைத் தடுக்கிறதோ அது துறைமுகத்தின் பின்வாசலில் வரும். 1960-களிலிருந்து தங்கக் கட்டுப்பாடு. வெளியே விலை குறைவு, உள்ளே அதிகம். அந்த இடைவெளியில் பிஸ்கட் பிஸ்கட்டாகத் தங்கமும், கடிகாரமும், டிரான்சிஸ்டரும் இறங்கின. ராமநாதபுரம் பக்கம் பனைக்குளத்தில் பிறந்து, டாக்கில் கூலியாக நுழைந்த ஹாஜி மஸ்தான் பெரிய ஆளானது இந்த இடைவெளியில்தான். 1990-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கிய பிறகு அந்தத் தொழிலின் மவுசு போய்விட்டது. சினிமா மட்டும் இன்னும் விடவில்லை.

துறைமுகம் வெடித்த நாள், மாலுமிகள் எழுந்த நாள்

1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் நிற்கிறது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள், பருத்திப் பொதிகள், தங்கக் கட்டிகள். எந்தச் சரக்குக் கப்பலிலும் பருத்தியையும் வெடிமருந்தையும் சேர்த்து வைக்கக் கூடாது. போர்க்காலம், இடமில்லை, வைத்துவிட்டார்கள். பருத்தி புகையத் தொடங்கி, மாலை நான்கு மணிக்கு மேல் கப்பல் வெடித்தது. சற்று நேரத்தில் இன்னொரு வெடிப்பு. அதிர்வு சிம்லாவின் நிலநடுக்கமானி வரை பதிவானது. இறந்தவர்கள் 800 முதல் 1,300 வரை என்கிறார்கள். தீயணைக்கப் போன வீரர்களின் நினைவாகவே ஏப்ரல் 14 நாடெங்கும் தீயணைப்புச் சேவை தினமாக இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்தும் தூர்வாரும்போது தங்கக் கட்டி கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளுக்குள், 1946 பிப்ரவரி 18 அன்று, கொலாபாவில் 'தல்வார்' பயிற்சித் தளத்தின் மாலுமிகள் மோசமான சாப்பாட்டையும் அதிகாரியின் இனவெறிப் பேச்சையும் எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். சில நாளில் 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 பேருக்கும் அது பரவியது. ஆலைத் தொழிலாளர்களும் டாக் தொழிலாளர்களும் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 23-ஆம் தேதி, பட்டேல் சொன்னதை ஏற்று மாலுமிகள் பணிந்தார்கள். கடற்படைத் தளமும் தொழிலாளர் குடியிருப்பும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும் ஊரில்தான் ஒரு படைக்கலகம் இவ்வளவு வேகமாக ஊர்க்கலகம் ஆகமுடியும்.

30.5 மீட்டர்

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சரக்கு சாக்கிலிருந்து இரும்புப் பெட்டிக்கு மாறியது. நூறு பேர் நாள்கணக்கில் இறக்கியதை ஒரு கிரேன் சில மணி நேரத்தில் இறக்கியது. பெட்டிக் கப்பல்கள் பெருத்துக்கொண்டே போயின. பனாமா கால்வாயின் பழைய நீர் அறைகளில் நுழையும் பெரிய கப்பலே 32 மீட்டர் அகலம் இருக்கும். இந்திரா டாக்கின் வாசல் 30.5. அவ்வளவுதான் விஷயம். 1914-இல் தாராளமாக இருந்த கதவு குறுகிப்போனது. வாசலைத் தாண்டினாலும் பெட்டிகளை அடுக்க இடமில்லை, டிரெய்லர் லாரிகள் ஊருக்குள் நுழைந்து வெளியேற வழியில்லை.

எதிர்க்கரையில் நவசேவாவில் ஜவகர்லால் நேரு துறைமுகம் 1989-இல் திறக்கப்பட்டது. அதே விரிகுடா, அதே பாதுகாப்பு, பின்னால் விசாலமான நிலம். பெட்டிகள் அங்கே போய்விட்டன. மும்பைத் துறைமுகத்துக்குக் கச்சா எண்ணெய், கார்கள், இரும்பு, பயணிக் கப்பல்கள் என்று மிஞ்சின. எண்ணெய்க் கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே ஜவகர் தீவில் நின்று குழாய் வழியே டிராம்பே, மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அனுப்புகின்றன. பிரின்சஸ் டாக்கையும் விக்டோரியா டாக்கையும் மண் போட்டு மூடிவிட்டார்கள். சாசூன் டாக் மீன் சந்தையாகிவிட்டது.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. கொற்கை துறைமுகமாக இருந்து, வண்டல் மூடிக் கடலைவிட்டு உள்ளே தள்ளிப்போய், காயலுக்கு நகர்ந்து, பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. அங்கே ஆறு செய்த வேலையை இங்கே கப்பலின் அகலம் செய்தது.

இடம் மாறாமல் தங்கிவிட்டவர்கள் மனிதர்கள். கோலிகள் ஆவணிப் பௌர்ணமிக்கு இன்றும் கடலுக்குத் தேங்காய் விட்டுப் புதுப்பருவத்தைத் தொடங்குகிறார்கள். இங்கே விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஜூன், ஜூலை மாதங்கள். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15-இலேயே தொடங்கிவிடும், மீன் பெருகும் காலமும் காற்றும் வேறு. கோவா மாலுமிகள் கப்பல் கிடைக்கும்வரை ஊர்வாரியாகத் தங்கிய கிளப்புகள் தோபி தலாவ் பக்கம் இருந்தன. மஜ்காவில் சீனர்கள் 1919-இல் கட்டிய கோயில் இன்னும் இருக்கிறது. துறைமுக ஊரின் பண்பாடு என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் நடைமுறையில் இதுதான்: கப்பலுக்காகக் காத்திருந்தவர்கள் சமைத்துச் சாப்பிட்டு, சாமி கும்பிட்டு, கடைசியில் ஊருக்குத் திரும்பாமலே இருந்துவிட்டது.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்குங்கள். பக்கத்திலேயே பண்டார்வாடா குன்றின் மேல் ஜோசப் பாப்டிஸ்டா பூங்கா. அங்கிருந்து மஜ்காவ் டாக்கின் கிரேன்களும் அதற்கு அப்பால் விரிகுடாவும் ஒருசேரத் தெரியும். அங்கிருந்து பாவ்சா தக்காவுக்கு ஷேர் டாக்ஸி பிடித்து, மோரா படகில் ஏறலாம். கடல் வற்றும் நேரம் வேண்டாம், மோரா பக்கம் சேறு, படகு தாமதமாகும். எலிஃபண்டா போவதானால் கேட்வேயிலிருந்து படகு. புறப்பட்டதும் இடப்பக்கம் கடற்படைத் தளம், அதைப் படம் எடுக்கக் கூடாது. சற்றுத் தள்ளி ஜவகர் தீவின் எண்ணெய்த் தொட்டிகள். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது சிவ்ரியிலிருந்து நவசேவாப் பக்கம்வரை 21.8 கிலோமீட்டருக்கு வடக்கே நீண்டு கிடக்கும். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், குகைகளுக்கு விடுமுறை.